குடவோலையும் கருவூலமும்

ஊராட்சி என்றதும் தமிழர் நெஞ்சில் முதலில் எழுவது உத்தரமேரூரே. அங்கு வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுகளை எத்தனையோ மேடைகளில் எடுத்துக்காட்டி மகிழ்ந்திருக்கிறோம். முப்பது குடும்புகள், பெயர் எழுதிய ஓலைகள், குடத்துள் கையிட்டு ஓலை எடுக்கும் சிறுவன் ஆகிய காட்சிகள் நமக்கு மனப்பாடம்.

ஆயின் குடத்தைக் கண்ட நாம், அதனை அடுத்து நின்ற கருவூலத்தைக் கருதினோமா? தேர்ந்தெடுக்கப்பட்டோர் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பிரிந்து பணிபுரிந்தனர். ஏரியில் தூர் வாருவதற்கென அறவோர் அளித்த பொன்னைச் சபை முதலாக ஏற்று, அதன் பொலிசையால் பணியை நடத்தியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் குடத்துக்கு உரியராகார். உரிமை, பொருள், கணக்கு ஆகிய மூன்றும் அங்கு ஒருங்கே இருந்தன.

குறையையும் மறைத்தல் தகாது. அது பிரமதேய ஊர். நிலமும் வேதப் பயிற்சியும் உடைய அந்தணரே சபையை நடத்தினர். உழுதவர்க்கும் மகளிர்க்கும் அங்கு இடமில்லை. அவ்விதிகளும் அரசனின் அலுவலர் உடனிருக்க வகுக்கப்பெற்றவையே.

பின்னாளில் ஆங்கிலேயர் கொணர்ந்த ரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு குடியானவனோடும் நேரே கணக்கு வைத்தது. எஞ்சியிருந்த ஊர்ப்பொறுப்பும் தேய்ந்தது. ரிப்பன் பிரபு 1882 மே 18-ஆம் நாள் வெளியிட்ட தீர்மானம், தல ஆட்சியை மக்களுக்கு அரசியற் பயிற்சி அளிக்கும் பள்ளியாகக் கருதியது. நோக்கம் உயர்ந்தது. எனினும் ஜில்லா போர்டுகளில் மாவட்ட ஆட்சியரே நெடுங்காலம் தலைமை வகித்தார். வருவாயோ மிகக் குறுகியது.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 40-ஆம் பிரிவு ஊராட்சியை வழிகாட்டு நெறியாகச் சேர்த்தது. பல்வந்த்ராய் மேத்தா குழு 1957-இல் அளித்த அறிக்கையை அடுத்து, 1959 அக்டோபர் 2-ஆம் நாள் இராசத்தானத்து நாகௌரில் நேரு பஞ்சாயத்து ராஜ்யத்தைத் தொடங்கிவைத்தார். 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம், ஐந்தாண்டுக்கொரு தேர்தலையும், பட்டியலினத்தார்க்கும் மகளிர்க்கும் இட ஒதுக்கீட்டையும் கட்டாயமாக்கியது. உத்தரமேரூர் மூடிய கதவு அன்று திறந்தது.

எனினும் 29 துறைகளை ஊராட்சிக்கு அளிப்பது மாநிலங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டது. கட்டாயமான தேர்தலும் தடைபட்டதுண்டு. குடவோலை பிறந்த தமிழ்நாட்டிலேயே, 2016-இல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் தொடங்கிற்று. இடைக்காலத்தில் தனி அலுவலர்கள் ஆண்டனர்.

தலைநகரில் கோப்புகளோடு காலங்கழிக்கும் நாம் ஒன்றறிவோம். எத்துணை அழகிய ஆணையாயினும், அதற்கு நிதி ஒதுக்கீடு இல்லையேல் அது கோப்பிலேயே உறங்கும். பணமும் பணியாளரும் இல்லாத ஊராட்சித் தலைவர் நிலையும் அதுவே. தெருவிளக்குக்கும் மேலிடத்து இசைவை எதிர்நோக்குபவரை ஆட்சியாளர் என்பது எங்ஙனம்?

ஆகவே விடுமுறையில் ஊர் செல்லும்போது கோயிற் கல்வெட்டைக் கண்டு பெருமிதங்கொள்வதோடு நில்லாது, கிராம சபையிலும் சென்று அமர்வோம். ஏரிக்கு வந்த பணம் எவ்வளவு, செலவான கணக்கு எங்கே என்று வினவுவோம். உத்தரமேரூர்ச் சபையார் தம்முள் வினவியதும் அதுவேயன்றோ!