மலையடிக் குளமும் தொலைதூர ஆறும்

ரமணாசிரமப் பகுதியின் குடிநீர் வரலாறு மலையில் தொடங்குகிறது. அங்கு பெய்த மழை ஓடைகளாக இறங்கிச் சிம்ம தீர்த்தம் முதலிய கிரிவலப் பாதைக் குளங்களையும் கிணறுகளையும் நிரப்பிற்று. 1958-இல் தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை எழுந்தது. பின்னாளில் அந்நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழி திருவண்ணாமலையை அடைந்தது.

முன்பு நீர் கெட்டால் கண்ணெதிரே தெரிந்தது. இன்றோ, நந்தி மலையில் பிறக்கும் ஆறு பெங்களூருவின் கழிவுநீரையும் சுமந்து வருகிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையே அதற்குச் சான்று.

நீர்த்துறைகளில் மலசலம் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். துறை தொலைவில் இருப்பதால் அக்கட்டளை தளர்ந்துவிடாது. ஆற்றின் மேற்புறத்தாரிடம் கீழ்ப்புறத்தாரின் தாகம் ஓர் அமானிதம். நமக்கும் கீழே திருக்கோவிலூரும் கடலூரும் இருக்கின்றன.