தோளில் ஒரு தழும்பு: ராஜாஜி, பி.சி.ஜி, ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்ட்

இந்த எபிசோடுக்குள் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்க இடது கையில், தோளுக்குக் கொஞ்சம் கீழே தொட்டுப் பாருங்க. சின்னதா, வட்டமா ஒரு தழும்பு இருக்கா? நம்ம வயசுக்காரங்க நிறைய பேருக்கு இருக்கும். பிறந்ததும் போட்ட பி.சி.ஜி ஊசியோட அடையாளம் அது. காசநோய்க்கான தடுப்பூசி.

இந்தத் தழும்பை வைத்து ஒரு காலத்தில் சென்னையில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போகிறேன். ஆனால் நான் அந்தக் கதையைத் தேடிப் படித்ததற்குக் காரணம், நான் செய்த ஒரு தப்பு. அதை முதலில் சொல்லிடறேன்.

2017 பிப்ரவரி. நான் காலேஜில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். வீடு குத்தம்பாக்கம். பூந்தமல்லி, திருமழிசை எல்லாம் தாண்டி, பெங்களூர் ஹைவே பக்கம். புது பஸ் நிலையத்தால் இப்போ உங்களில் சிலருக்குப் பேராவது தெரிஞ்சிருக்கும். அந்த மாதம் தமிழ்நாடு முழுக்க தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதக் குழந்தையிலிருந்து 15 வயதுக்குட்பட்டவர்கள் வரை சுமார் 1.76 கோடி பேருக்குப் போடுவது திட்டம்.

எங்க சித்தி பையன் அப்போ ஏழாவது. ஸ்கூலில் இருந்து கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லி ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதே வாரம் சித்தியோட போனில் மெசேஜ் மேல மெசேஜ். "வெளிநாட்டு ஊசி, நம்ம பிள்ளைங்கள வச்சு சோதனை பண்றாங்க." "இதைப் போட்டா பின்னாடி குழந்தை பிறக்காது." "சும்மா கொடுக்கறாங்கன்னா யோசிச்சுப் பாருங்க." அப்போ வாட்ஸ்அப்பில் 'ஃபார்வர்ட் செய்யப்பட்டது' என்ற அடையாளமே கிடையாது. அது 2018 ஜூலையில்தான் வந்தது. அதனால் தோழி அனுப்பின மெசேஜ், தோழியே விசாரித்து எழுதின மாதிரிதான் தெரியும்.

சித்தி என்னைக் கேட்டாங்க. "ஏன்டா கண்ணு, நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே. நீயே சொல்லு, போடலாமா வேணாமா?"

ரூபெல்லா என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "எதுக்கு சித்தி ரிஸ்க்? ஒரு வருஷம் போகட்டும், பார்த்துட்டுப் போட்டுக்கலாம்" என்று சொன்னேன். கேட்க நிதானமான பதில் மாதிரி இருக்கு இல்ல? சித்தி கையெழுத்துப் போடவில்லை.

இப்படி நிறைய வீட்டில் நடந்தது. பிப்ரவரி 28-ஓட முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்டினார்கள். அந்தச் சமயத்தில் எங்க தெருவுக்கு கிராம சுகாதார செவிலியர் வந்தாங்க. சித்தி எல்லா மெசேஜையும் காட்டினாங்க. அந்த நர்சம்மா கோபப்படவில்லை. "ஊசி போட்ட இடம் வலிக்கும்மா. ஒரு நாள் காய்ச்சல் வரலாம். ரொம்ப அபூர்வமா யாருக்காவது உடனே ஒத்துக்காம போகலாம். அதுக்குத்தான் அரை மணி நேரம் உட்கார வச்சுப் பார்க்கிறோம், மருந்தும் கையில இருக்கு" என்றாங்க. அப்புறம் ரூபெல்லா பற்றிச் சொன்னாங்க. பசங்களுக்கு அது சாதாரணக் காய்ச்சல், சொறி மாதிரி வந்து போய்விடும். ஆனால் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் இருக்கும் ஒரு பெண்ணுக்குத் தொற்றினால், பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம். ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர் இதை 1941-லேயே கண்டுபிடித்திருந்தார்.

அப்போ எங்க பக்கத்து வீட்டு அக்கா மூணு மாசம் முழுகாம இருந்தாங்க. சித்தி பையன் தினமும் அவங்க வீட்டில்தான் டிவி பார்ப்பான். நான் 'ரிஸ்க்' என்று சொன்னபோது அந்த அக்கா என் கணக்கிலேயே இல்லை.

தம்பிக்கு ஊசி போட்டாச்சு. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் எனக்கு உறுத்தியது. படித்த நான் ஒரு ஃபார்வர்டிடம் ஏமாந்தேன். நர்சம்மா சொன்னதற்கும் ஃபார்வர்ட் சொன்னதற்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தை நான் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்?

இதெல்லாம் வாட்ஸ்அப் கொண்டுவந்த வியாதி என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். அப்புறம் 1955-ஐப் பற்றிப் படித்தேன்.

கொஞ்சம் பின்னாடி போவோம். சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியாவில் காசநோயால் வருடத்துக்கு 5 லட்சம் பேர் இறந்ததாக அன்றைய மதிப்பீடுகள் சொல்கின்றன. தாம்பரம் சானடோரியம் என்று ரயில்வே ஸ்டேஷன் இருக்கே, அந்தப் பேர் 1928-ல் அங்கே தொடங்கின காசநோய் மருத்துவமனையால் வந்தது. ஆனால் இருந்த படுக்கைகள் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அதனால் அரசு தடுப்பூசி பக்கம் போனது. பிரான்சில் கால்மெட், கெரான் என்ற இரண்டு பேர் 13 வருஷம் உழைத்து உருவாக்கிய பி.சி.ஜி 1921-லிருந்தே புழக்கத்தில் இருந்தது. 1948-ல் நம்ம கிண்டியில், கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில், அதைத் தயாரிக்க ஒரு ஆய்வகம் அமைத்தார்கள்.

எதிர்ப்பும் சென்னையிலிருந்தே கிளம்பியது. முன்னணியில் நின்றவர் ஏ.வி. ராமன். அவர் டாக்டர் இல்லை. ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியாளர். ஆமா, என்னை மாதிரி ஒரு இன்ஜினியர். பிறகு 1955-ல் ராஜாஜியே களத்தில் இறங்கினார். 'பி.சி.ஜி தடுப்பூசியை நான் ஏன் எதிர்க்கிறேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் போட்டார். கவர்னர் ஜெனரலாக இருந்தவர், ஒரு வருஷம் முன்புவரை இந்த மாநிலத்தின் முதலமைச்சர், பாரத ரத்னா. அவர் சொன்னால் யார் கேட்காமல் இருப்பார்கள்? சென்னை மாநிலத்தில் தடுப்பூசி வேலை தடுமாறியது.

அவர் பக்கத்து வாதத்தை நியாயமாகப் பார்க்கணும். உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான குழந்தைகளின் உடம்பில் ஏன் செலுத்தணும்? மக்கள் என்ன சோதனைப் பொருளா? இவை அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்விகள்தான். பி.சி.ஜி-க்கு ஒரு கறுப்பு அத்தியாயமும் உண்டு. 1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகரில், ஆய்வகத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி தடுப்பு மருந்தோடு கலந்துவிட்டது. 70-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்.

பிரச்சினை எங்கே என்றால், கேள்வி கேட்டதோடு நிற்காமல் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். அந்தத் தீர்ப்புக்கு ஒப்பிட்டுப் பார்த்த ஆதாரம் எதுவும் இல்லை, பெரிய பெயர்தான் இருந்தது. எதிர்ப்பக்கமும் சுத்தம் இல்லை. அரசு தரப்பிலும் இருந்த உறுதி, ஆதாரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்தான். அடுத்த சில வருஷங்களில் வந்த முடிவுகளே ஒன்றுக்கொன்று முரண். பிரிட்டனில் நடந்த ஆய்வு பி.சி.ஜி நன்றாகப் பாதுகாக்கிறது என்றது. அமெரிக்காவில் ஜார்ஜியா, போர்ட்டோ ரிக்கோ போன்ற இடங்களில் நடந்த ஆய்வுகளில் பலன் குறைவு.

சரி, யார் சொல்வது சரி என்று எப்படி முடிவு பண்ணுவது? இங்கேதான் கதை நம்ம பக்கம் வருகிறது.

1968-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், உலக சுகாதார நிறுவனத்தோடும் அமெரிக்கப் பொது சுகாதாரத் துறையோடும் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. இடம், அப்போதைய செங்கல்பட்டு மாவட்டம். சென்னைக்கு மேற்கே, திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஊர்கள். குத்தம்பாக்கத்திலிருந்து பைக்கை எடுத்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான பேர் அதில் சேர்ந்தார்கள். சிலருக்கு பி.சி.ஜி, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில். போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

ஐ.டி-யில் இருக்கறவங்களுக்கு இது புரியும். நம்ம ஏ/பி டெஸ்ட் மாதிரிதான். பட்டனைப் பச்சையாக்கினதால் கிளிக் கூடிச்சா, இல்ல அன்னைக்குப் பண்டிகை ஆஃபரா? பழைய பட்டனையும் பக்கத்திலேயே ஓடவிட்டால்தான் தெரியும். வித்தியாசம் என்னவென்றால், இங்கே அந்த ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போய், சளியைப் பரிசோதித்து, வருஷக்கணக்கில் கணக்கெடுத்தார்கள்.

ஏழரை வருஷக் கணக்கை வைத்து 1979-ல் முடிவு வந்தது. நுரையீரல் காசநோய்க்கு எதிராக பி.சி.ஜி அங்கே எந்தப் பாதுகாப்பும் கொடுக்கவில்லை.

யோசிச்சுப் பாருங்க. 30 வருஷமாக அரசு போட்டுக்கொண்டிருந்த ஊசி. அது வேலை செய்யவில்லை என்று அரசின் சொந்த விஞ்ஞானிகளே எழுதிக் கையெழுத்துப் போட்டு உலகத்துக்குச் சொன்னார்கள். 'லான்செட்' மருத்துவ இதழ் 1980-ல் எழுதிய தலையங்கத்தின் தலைப்பே, 'பி.சி.ஜி: இந்தியாவிலிருந்து கெட்ட செய்தி'. அதோடும் விடவில்லை. 15 வருஷம் தொடர்ந்து பார்த்த கணக்கையும் 1999-ல் வெளியிட்டார்கள். அதிலும் அதே முடிவுதான்.

அப்போ ராஜாஜி சொன்னதுதானே சரி? இதைப் படிச்சதும் எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. ஆனால் அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அவர் மொத்தமாக வேண்டாம் என்றார். ஆய்வு சொன்னது அது இல்லை. குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய், உடம்பு முழுக்கப் பரவும் காசநோய் இரண்டும் உயிரையே எடுப்பவை. அவற்றுக்கு எதிராக பி.சி.ஜி நன்றாகவே பாதுகாக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டின. பெரியவர்களின் நுரையீரல் நோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கை போனது, பச்சைக் குழந்தைக்குப் போட வேண்டிய காரணம் நின்றது. அதனால்தான் உங்க தோளில் தழும்பு. 1955-ல் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ராஜாஜியிடம் வழி இல்லை, அரசிடமும் இல்லை. திருவள்ளூர் ஊர்க்காரர்கள் கை நீட்டியதால்தான் ஒரு பாதி தெரிந்தது.

இப்போ என் பழைய கேள்விக்கு வரேன். ஃபார்வர்டையும் நர்சம்மாவையும் எப்படிப் பிரிப்பது?

இந்த வரலாற்றைப் படித்த பிறகு நான் பார்க்கும் முதல் விஷயம், சொல்கிறவர் தன் பக்கத்துக் குறையைச் சொல்கிறாரா என்பது. நர்சம்மா வலிக்கும், காய்ச்சல் வரும், அபூர்வமாக ஒத்துக்காமல் போகலாம் என்று முதலிலேயே சொன்னாங்க. சித்தி போனில் வந்த ஒரு மெசேஜிலும் 'நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம்' என்று இல்லை. இன்னைக்கு இன்ஸ்டா ரீல்ஸில் சர்க்கரை நோயை 21 நாளில் விரட்டும் கஷாயம் விற்கிறவரிடமும் அது இருக்காது.

இரண்டாவது, எதோடு ஒப்பிட்டாங்க? "எங்க மாமாவுக்குச் சரியாச்சு" என்றால், குடிக்காத மாமாக்களுக்கு என்ன ஆச்சு? செங்கல்பட்டில் அந்த வெறும் ஊசி இல்லாமல் இருந்திருந்தால், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

மூன்றாவது, பெரிய பெயரையும் துறையையும் குழப்பிக்கக் கூடாது. ராஜாஜி பெரியவர், ஆனால் காசநோய் நிபுணர் இல்லை. நான் கோட் எழுதுகிறவன். இந்த எபிசோடில் நான் சொன்னதையும் சேர்த்தே சந்தேகப்படுங்க. உடம்புக்கு ஏதாவது என்றால் டாக்டரிடம் போங்க.

கடைசியா, இதுவரை தப்பு என்று ஒத்துக்கொண்டிருக்காங்களா? அரசு ஆய்வு 'நாங்க எதிர்பார்த்தது நடக்கவில்லை' என்று அறிக்கை வெளியிட்டது. 2017-ல் அந்த மெசேஜை அனுப்பின ஒருவராவது பிறகு 'மன்னிக்கணும், அது பொய்' என்று அனுப்பினதாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் அனுப்பவில்லை, இல்லையா?

அதனால் போன மாசம் சித்தி வீட்டுக்குப் போனபோது சொன்னேன். "சித்தி, அன்னைக்கு நான் ஒண்ணுமே தெரியாமதான் சொன்னேன்." சித்தி சிரிச்சாங்க. "எனக்கு அப்பவே தெரியும்டா. ஆனா நீ தெரியலைன்னு சொல்லியிருந்தா, நான் அன்னைக்கே நர்சம்மாவுக்குப் போன் பண்ணியிருப்பேன்."

உங்க வீட்டிலும் யாராவது உங்களைக் கேட்பாங்க. படிச்ச பிள்ளை, நீயே சொல்லு என்று. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அப்புறம் சேர்ந்து தேடுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.