சுரங்க அனுமதிக்கு முன் வரும் அறிவிப்பு: அந்த 30 நாட்களில் நாம் செய்ய வேண்டியவை

அரியலூர், பெரம்பலூர் பகுதி மக்களுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் புதிதல்ல. ஆனால் ஒரு சுரங்கம் வருவதற்கு முன் நம்மிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற சட்ட விதி நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. லாரிகள் ஓடத் தொடங்கிய பிறகுதான் விசாரிக்கிறோம்.

மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய சுரங்கங்களுக்கும் சிமெண்ட் ஆலைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தருவதற்கு முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். சில சிறிய திட்டங்களுக்கு விலக்கு உண்டு.

கூட்டம் பற்றிய அறிவிப்பை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு தேசிய நாளிதழிலும், வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் வெளியிட வேண்டும். கருத்துத் தெரிவிக்க மக்களுக்குக் குறைந்தது 30 நாட்கள் தர வேண்டும். நாளிதழ் எட்டாத ஊர்களில் தண்டோரா போன்ற வழிகளில் தெரிவிக்க வேண்டும். தேதியையோ இடத்தையோ மாற்றினால் அதே நாளிதழ்களில் மீண்டும் அறிவிக்க வேண்டும்.

இந்த 30 நாட்களில் நாம் செய்ய வேண்டியவை:

1. மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்ட தொழில் மையம் ஆகிய இடங்களில் வரைவு அறிக்கையைக் கேட்டுப் பார்க்கலாம். அதன் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். நம் ஊர்க் கிணறு, ஏரி, பள்ளிக்கூடம், லாரி செல்லும் சாலை ஆகியவை அதில் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

2. ஆட்சேபனையைக் கூட்டத்திற்கு முன்பே எழுத்து மூலம் வாரியத்திற்கு அனுப்பி, அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

3. கூட்டத்திற்குச் செல்லுங்கள். ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை வகிப்பார். நிகழ்ச்சி முழுவதும் வீடியோவில் பதிவாகும். கூட்டம் தொடங்க இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு இல்லை. நாம் போகாவிட்டாலும் கூட்டம் நடந்து முடிந்துவிடும். முடிவில் பேசியவற்றின் தொகுப்பைத் தமிழில் வாசிப்பார்கள். நம் கருத்து விடுபட்டிருந்தால் அப்போதே சொல்ல வேண்டும்.

அனுமதி கிடைத்ததும் நிறுவனம் அதை உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரப்படுத்த வேண்டும். அதை எதிர்த்து சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள் அவகாசம். தக்க காரணம் இருந்தால் தீர்ப்பாயம் மேலும் 60 நாட்கள் வரை அனுமதிக்கலாம். அதன்பின் அந்தக் கதவு மூடிவிடும்.

2020-இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு அறிவிக்கை, கருத்துச் சொல்லும் 30 நாட்களை 20 ஆகக் குறைக்க முன்மொழிந்தது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. வயலில் வேலை செய்துகொண்டே அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியவர்களுக்கு அந்தப் பத்து நாட்கள் பெரிது. ஆகவே ஊருக்கு ஒருவராவது நாளிதழின் அறிவிப்புப் பக்கத்தைத் தினமும் பார்த்து, மற்றவர்களுக்குச் சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வோம்.