மீனெண்ணெயின் இரு கீர்த்திகள்

நார்வே தேசத்தின் வடமேற்குக் கரைக்கு அப்பால், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, கடலினின்றும் செங்குத்தாக எழுந்து நிற்கும் லோஃபோட்டன் தீவுகளில், ஜனவரி தொடங்கி ஏப்ரல் முடிய, பாரென்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிடுவதற்காகத் திரண்டு வரும் காட் மீன்களை நம்பியே செம்படவர்களின் ஜீவனம் பல நூற்றாண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. மீனின் சதையை உப்பிடாமலே மரப் பரண்களில் தொங்கவிட்டுக் குளிர்காற்றில் உலர்த்தி, பெர்கன் துறைமுகத்தின் வழியே ஐரோப்பாவெங்கும் அனுப்பினார்கள். ஈரலையோ பீப்பாய்களில் நிரப்பி அப்படியே விட்டுவைத்தார்கள். நாளாவட்டத்தில் ஈரல் அழுகத் தொடங்க, அதிலிருந்து கசிந்து மேலே மிதக்கும் எண்ணெய் முதலில் வெளிர் மஞ்சளாகவும் பின்னர் பழுப்பாகவும் வரும். கடைசியில் எஞ்சிய கசடைக் காய்ச்சினால் கிடைப்பது ஏறத்தாழக் கறுப்பாகவே இருக்கும். விளக்கெரிக்கவும் தோல் பதனிடவும் பயன்பட்ட இந்தத் துர்நாற்றமுள்ள சரக்கு, மூட்டு வலிக்கு ஔஷதம் என்று ஒரு காலத்திலும், குழந்தைகளின் கண்ணுக்கு ரக்ஷை என்று மற்றொரு காலத்திலும் பெற்ற கீர்த்தியும், அவை இரண்டும் பிற்காலத்தில் ஒன்றோடொன்று கலந்து குழம்பிய விதமும் சற்று விஸ்தாரமாகச் சொல்லத் தக்கவை.

மூட்டைப் பற்றிய கீர்த்திதான் மூத்தது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துத் தர்ம வைத்தியசாலைக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்துகொண்டிருந்த ஏழை ஸ்திரீ ஒருத்தி, வாதத்தின் கொடுமையால் கைகால் முடங்கிக் கிடந்தவள், காட் மீனெண்ணெயை உள்ளுக்கு அருந்திச் சில வாரங்களில் எழுந்து நடமாடினாள்; ஓராண்டு கழிந்து நோய் திரும்பியபோது அதே எண்ணெய் அவளை மறுபடியும் குணப்படுத்திற்று. இந்த விருத்தாந்தம், அந்த வைத்தியசாலையைச் சேர்ந்த ராபர்ட் டார்பி என்பவர் தாமஸ் பெர்சிவல் என்ற பிரசித்தி பெற்ற வைத்தியருக்கு எழுதிய கடிதத்தின் வாயிலாக 1782-இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அதற்குள் அங்கே வருஷத்துக்கு 50, 60 காலன் மீனெண்ணெய் செலவாகிக்கொண்டிருந்தது. நாற்றமும் சுவையும் சகிக்க முடியாதவையாயிருந்தும், காலை நீட்ட மாட்டாமல் வந்த ஏழைகள் தாமாகவே அதைக் கேட்டு வாங்கிச் சென்றார்கள் என்பதுதான் அக்கடிதத்தில் என் கவனத்தை மிகவும் ஈர்க்கும் செய்தி. புஸ்தக வைத்தியம் படித்தவர்கள் கண்டுபிடித்து நோயாளிகளுக்குப் போதித்த மருந்து அன்று அது. நோயாளிகள் பிரயோகித்துப் பார்த்து வைத்தியர்களுக்குப் போதித்த மருந்து.

அந்த எண்ணெய் உண்மையில் எதைக் குணப்படுத்திற்று என்று இன்று அறுதியிட்டுச் சொல்வது கஷ்டம். ஆலைப் புகையாலும் மேகத்தாலும் வெயில் மறைந்த அந்தச் சீமையில், மூட்டு நோயாளிகளோடு கூட, சூரிய ஒளியின்மையால் எலும்பு மென்மையாகி உடலெல்லாம் வலி கண்டவர்களும் வாதரோகிகள் என்ற பெயரில் வரிசையில் நின்றிருப்பார்கள் என்பதும், மீனெண்ணெய் கைகொடுத்தது பெரும்பாலும் இவர்களுக்கே என்பதும் என் ஊகம். அக்காலத்து வைத்திய சாஸ்திரத்துக்கு இந்த இரு வகையினரையும் பிரித்தறியும் வழி இல்லை.

1841-இல் எடின்பரோவைச் சேர்ந்த ஜான் ஹியூஸ் பென்னெட், ஜெர்மனியில் தாம் கண்டதை ஆதாரமாகக் கொண்டு இந்த எண்ணெயைப் பற்றித் தனி நூலே எழுதிய பிறகு, வாதத்தோடு க்ஷயரோகத்துக்கும் கண்டமாலைக்கும் மெலிந்த குழந்தைகளுக்கும் இதைக் கொடுப்பது ஐரோப்பிய வழக்கமாகிவிட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், பீட்டர் மோலர் என்ற நார்வே மருந்துக் கடைக்காரர், ஈரலை அழுகவிடாமல் புதிதாகவே நீராவியில் வேகவைத்துத் தெளிந்த எண்ணெய் இறக்கும் முறையைக் கொணர்ந்தார். அதையும் குடிக்க மாட்டாத குழந்தைகளுக்கென்று 1870-களில் நியூயார்க்கில் ஸ்காட், பௌன் என்னும் இருவர் எண்ணெயைப் பால்போலக் கலக்கி விற்கத் தொடங்கிய எமல்ஷன், முதுகில் ஆளுயர மீனைச் சுமந்து நிற்கும் செம்படவனின் படத்தோடு நம் நாட்டு மருந்துக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. அந்தப் புட்டியைக் கண்டு ஓடி ஒளிந்த தலைமுறைகள் தமிழ்நாட்டிலும் உண்டு.

கண்ணைப் பற்றிய கீர்த்தி வேறு வழியாக வந்தது. மாலைக்கண் நோய்க்கு ஈரல் நல்லது என்பதைப் பழைய கிரேக்க வைத்தியமும் சுசுருதரின் ஆயுர்வேதமும் அறிந்திருந்தன. ஆட்டீரலைச் சுட்டுத் தின்னச் சொன்ன பாட்டிமார்களும் அதையே அறிந்திருந்தார்கள். ஆனால் காரணம் ஒருவருக்கும் தெரியவில்லை. 1904-இல் ஜப்பானில் மோரி என்ற வைத்தியர், கண் வறண்டு கருவிழி கெட்டுப்போகும் நோய் கண்ட 1,500-க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பற்றி எழுதி, மீனெண்ணெய் அதைத் தீர்க்கிறது என்று ஸ்தாபித்தும், ஆகாரத்தில் கொழுப்புக் குறைவதே காரணம் என்று நினைத்தார். முதலாம் உலக யுத்தத்தின்போது, நடுநிலைமை வகித்த டென்மார்க் தன் வெண்ணெயை அந்நிய தேசங்களுக்கு நல்ல விலைக்கு விற்றுக்கொண்டிருக்க, வெண்ணெய் நீக்கிய பாலில் வளர்ந்த அந்நாட்டு ஏழைக் குழந்தைகள் கண்ணிழந்துகொண்டிருந்ததை கோபன்ஹேகனில் கார்ல் பிளாக் கண்டறிந்து, முழுப்பாலும் மீனெண்ணெயும் கொடுத்துக் காப்பாற்றினார். பால்வளத்துக்குப் பெயர்போன ஒரு நாட்டின் வரலாற்றில் இதைவிட வெட்கத்துக்குரிய அத்தியாயம் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில், 1913-இல் அமெரிக்காவில் மெக்காலமும் மார்கரீட் டேவிஸும், அவர்களைத் தொடர்ந்து அதே ஆண்டில் ஆஸ்பர்னும் மெண்டலும், வெண்ணெயின் கொழுப்பில் எலிகளின் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஏதோ ஒரு வஸ்து அடங்கியிருப்பதை நிரூபித்தார்கள்; அதுவே பின்னர் ஏ வைட்டமின் எனப் பெயர் பெற்றது. மீனெண்ணெயில் அது ஏராளமாக இருந்தது. 1922-இல் மெக்காலம், எண்ணெயைச் சூடாக்கி அதனூடே காற்றைச் செலுத்தி அந்த வஸ்துவை அழித்துப் பார்த்தார். அப்படி அழித்த எண்ணெய் கண்ணோயைத் தீர்க்கும் சக்தியை இழந்தும், குழந்தைகளின் எலும்பை வளைக்கும் ரிக்கட்ஸ் நோயைத் தீர்க்கும் சக்தியை இழக்கவில்லை! ஒரே புட்டியில் இரண்டு மருந்துகள் குடியிருந்தன என்பது அப்போதுதான் புலனாயிற்று: கண்ணுக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று. எலும்புக்குரியது டி வைட்டமின் ஆயிற்று. மூட்டுக்கென்று மூன்றாவதாக ஒன்று அதில் உண்டா என்ற கேள்வியை, வைட்டமின்களின் மோகத்தில் மூழ்கிய அந்தத் தலைமுறை ஏறக்குறைய மறந்தே போயிற்று.

நம் பக்கத்துக் கதையும் கண்ணைச் சார்ந்ததே. 1819-இல் தோன்றிய சென்னைக் கண் ஆஸ்பத்திரியில் தலைவராயிருந்த ரைட், தென்னிந்தியாவில் கருவிழி உருகிப் பார்வை போகும் குழந்தைகளைப் பற்றி 1922-இல் விரிவாக எழுதினார். பின்னர் குன்னூர் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் அய்க்ராய்டும் அவரும் சேர்ந்து, மீனெண்ணெய் வாங்க வழியில்லாத நாட்டில் சிவப்புப் பனையெண்ணெய் அந்த வேலையைச் செய்யுமா என்று பரிசோதித்தார்கள். 1940-இல் நார்வே ஜெர்மானியர் வசமானதும் காட் மீனெண்ணெய் வரத்து நின்றுபோகவே, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கோழிக்கோட்டில் மீன்துறையினர் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். ஏ வைட்டமின் அளவில் அது நார்வே எண்ணெயை விஞ்சி நின்றது. வறுமையுள்ள இடத்தில் யுத்தம் ஒரு நன்மையும் செய்வதில்லை என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் செய்தது. ஆயினும் 1947-இல் ஸ்விட்சர்லாந்தில் ஐஸ்லர் ஏ வைட்டமினை ரசாயனச் சாலையிலேயே ஆக்கும் வழியைக் கண்டபின், ஈரல் எண்ணெய் வியாபாரம் உலகெங்கும் தளர்ந்தது.

1970-இல் இந்திய அரசு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் ஏ வைட்டமினை ஒரு கரண்டித் திரவத்தில் ஊட்டும் திட்டத்தைத் தொடங்கியது. அதே காலத்தில் மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில், கண் கெடும் நிலையிலுள்ள குழந்தைகளைத் தாய்மாரோடு தங்கவைத்து ஆகாரத்தாலேயே தேற்றும் இல்லம் ஒன்றை அமைத்தவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி, பின்னாளில் 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தோற்றுவித்தவரும் அவரே. இளம்பிராயத்திலேயே முடக்குவாதம் கண்டு விரல்கள் திருகிப்போனதால் மகப்பேறு வைத்தியத்தைக் கைவிட்டுக் கண் வைத்தியத்துக்கு வந்தவர், அந்த விரல்களாலேயே லட்சம் அறுவைகள் செய்து முடித்தார். அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் திருச்சி மாவட்டத்தில் 15,000-க்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வாரந்தோறும் சிறு அளவில் இந்த வைட்டமினைக் கொடுத்துக் கண்ட முடிவு 1990-இல் வெளியாயிற்று: கண் மட்டுமன்று, உயிரும் பிழைத்தது, மரணம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது.

இவ்வளவு உறுதியான பிரமாணம் குழந்தைகளின் பக்கம் சேர்ந்திருக்க, மீனெண்ணெய் உருண்டைகளை இன்று விரும்பி வாங்குவோரில் பலர் முதியோர். மூட்டுக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது என்ற இரட்டைக் கீர்த்தியை நம்பியே வாங்குகிறார்கள். மூட்டு விஷயத்தில் மான்செஸ்டர் ஏழைகள் அடியோடு ஏமாந்தவர்கள் அல்லர். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தார் 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தினம் 10 கிராம் காட் மீனெண்ணெய் உண்ட முடக்குவாத நோயாளிகள் பலர் வலி மாத்திரையைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டார்கள்; அதற்குக் காரணம் வைட்டமின் அன்று, ஒமேகா-3 என்னும் கொழுப்பு அமிலம். ஆனால் முதுமையில் தேயும் முழங்காலுக்கும் இந்த நோய்க்கும் வெகு தூரம். கடையில் விற்கும் ஓர் உருண்டைக்கும் 10 கிராமுக்கும் உள்ள தூரமும் கொஞ்சமன்று. அந்தத் தூரத்தைத் தாமாகவே உருண்டைகளை அடுக்கிக் கடக்க நினைப்பவர்கள், ஈரலில் சேரும் ஏ வைட்டமின் மிகுந்தால் விஷம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 1597-இல் நோவாயா ஜெம்லியாத் தீவில் பனியில் சிக்கிய டச்சு மாலுமிகள் வெண்கரடியின் ஈரலைச் சமைத்துத் தின்று நோயுற்று, மூவருக்குத் தலைமுதல் கால்வரை தோல் உரிந்ததை அவர்களில் ஒருவரே எழுதிவைத்திருக்கிறார்.

முதியோரின் கண் விஷயத்திலோ எண்ணெயின் கட்சி இன்னும் பலவீனமானது. விழித்திரையின் நடுப்பகுதி வயதினால் சிதையும் நோயைப் பற்றி அமெரிக்க அரசின் கண் ஆராய்ச்சி நிலையத்தார் நடத்திய பரீட்சைகளில், 2001-இல் வெளியானது, துத்தநாகமும் சில வைட்டமின்களும் சேர்ந்த கலவை, நோய் ஓரளவு முற்றியவர்களுக்கு மட்டும், அது மேலும் முற்றுவதைச் சுமார் கால் பங்கு தடுப்பதாகக் கண்டது. 4,000-க்கு மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்தி 2013-இல் வெளியிட்ட இரண்டாம் பரீட்சையில், அதனோடு மீனெண்ணெயின் ஒமேகா-3 அமிலங்களைச் சேர்த்தும் அதிகப்படியான பலன் ஒன்றும் காணவில்லை. மாறாக, புகைபிடிப்போருக்கு ஆகாத பீட்டா கரோட்டினை நீக்கிவிட்டு லூட்டீன் என்ற மஞ்சள் நிறப் பொருளைச் சேர்ப்பதே உசிதம் என்று முடிவாயிற்று. அந்த லூட்டீனைச் செண்டுமல்லியின் இதழ்களிலிருந்து எடுக்கிறார்கள். மைசூரிலிருந்து உதகைக்குப் போகும் வழியில், குண்டலுப்பேட்டையைச் சுற்றிலும் சாயச் சாலைகளுக்கென்றே அந்தப் பூவை ஏக்கர் ஏக்கராகப் பயிரிட்டு, எடை போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.