குரோமியம் கிணற்றுக்கு வந்த கதை

ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில் என்றாலே குரோமியத்தை வில்லனாக வைத்துத்தான் பேச்சு ஆரம்பிக்கும். அது இங்கே எதற்கு வந்தது என்று தேடிப் பார்த்தால் சிரிப்பதா வருத்தப்படுவதா தெரியலை.

அதற்கு முன்னால் நம்ம பக்கம் தோல் பதனிட்டது ஆவாரம் பட்டையில். வாரக்கணக்கில் ஊறணும். அப்படிப் பாதி பதனிட்ட தோல் சென்னையிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறும். மெருகும் அங்கே, லாபமும் அங்கே. 1900களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் சென்னையில் குரோம் முறையைச் சோதித்தார். செருப்பு, ஷூவுக்கு மட்டும் இல்லை. கிணற்றில் கவலை இறைக்கும் தோல் பை தண்ணீரில் ஊறி ஊறி அழுகிவிடும். குரோம் தோல் கூடுதல் நாள் தாங்கும். ஆக, விவசாயியின் கிணற்றுக்கு ஒத்தாசையாக வந்த சரக்கு இது!

1970களில் மத்திய அரசு பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. முழுசாப் பதனிட்டு விற்றால் காசு இங்கேயே தங்கும். நியாயமான கொள்கைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காசோடு கழிவும் தங்கிவிட்டது. குரோமியம் மட்டுமில்லை. தோல் கெடாமலிருக்கப் போடுகிற உப்பு, கழுவின தண்ணியோடு பாலாற்றங்கரை மண்ணில் இறங்கியது. கிணறுகள் கெட்டன.

இப்போது இரண்டு தேதிகளைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. 1989 டிசம்பரில் ஜெர்மனி, தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடும் பென்டாகுளோரோபீனாலுக்குத் தடை போட்டது. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அங்கே விற்க முடியாது. சரக்கு திரும்பி வந்தால் நஷ்டம் என்பதால் நம் தொழிற்கூடங்கள் மாற்று மருந்துக்கு விறுவிறுவென்று மாறின.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28-ல்.

ஷூ போடுகிறவரின் காலைத் தொடும் ரசாயனத்துக்கு வாங்குகிறவர் விதி போட்டார். ஷூவோடு கப்பலேறாமல் இங்கேயே தங்கிய உப்புக்கு அவரிடம் விதி ஏதும் இல்லை. அதற்கு வழக்குதான் போட வேண்டியிருந்தது.

வளங்குன்றா வளர்ச்சி, மாசுபடுத்தியவரே செலவை ஏற்பது என்று இன்று எல்லா சுற்றுச்சூழல் வழக்கிலும் எடுத்துக்காட்டும் கொள்கைகளை நீதிபதி குல்தீப் சிங் நாட்டின் சட்டத்தின் பகுதியாக ஏற்றது இந்தத் தீர்ப்பில்தான். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கணக்கிடத் தனி ஆணையம் அமைக்கச் சொன்னார். ஒவ்வொரு தோல் கூடத்துக்கும் 10,000 ரூபாய் அபராதம். அதற்குள் கவலை போய் மோட்டார் வந்துவிட்டது. இறைத்த தண்ணிதான் கரித்தது.