பதிவேட்டில் ஏறாத கைகள்

டாக்டர் பட்டம் வேறு, பதிவேட்டில் பேர் ஏறுவது வேறு. கடல் தாண்டிப் போகிற டாக்டருக்கு இது போன அன்றைக்கே புரிந்துவிடும். பிரிட்டனில் இந்தப் பதிவேட்டைத் திறந்தது 1858ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம். அதைக் கையில் வைத்திருப்பது ஜெனரல் மெடிக்கல் கவுன்சில். 1886இல் வந்த சட்டம் காலனி நாட்டுப் பட்டங்களுக்கும் வழி விட்டது. கவுன்சில் ஒத்துக்கொண்ட இந்தியப் பட்டம் கையில் இருந்தால் போதும், மறுபரீட்சை கிடையாது.

1930இல் அந்தக் கதவைச் சாத்தினார்கள். காரணமாகச் சொன்னது என்ன தெரியுமா? பிரசவம். இந்திய மாணவர்கள் போதுமான பிரசவம் பார்த்துப் பழகவில்லை என்பது கவுன்சில் 1920களிலிருந்தே சொல்லிவந்த குறை. ஆஸ்பத்திரிக்கு வந்து பெற்ற பெண்கள் கொஞ்சம். மாணவர் கைக்கு கேஸ் கிடைக்கவில்லை. நம் படிப்பை லண்டன்காரன் வந்து சோதிப்பதா என்று தேசியவாதிகள் கொதித்தார்கள். 1933இல் சட்டம், 1934இல் இந்திய மருத்துவ கவுன்சில், 1936இல் மறுபடி அங்கீகாரம். மானம் மீண்டது.

சரி, அதுவரை நாட்டில் பிள்ளையே பிறக்கவில்லையா? பிறந்தது. எடுத்தது யார்? வடக்கே ‘தாயீ’ என்று கூப்பிடப்பட்ட பெண்கள். பல இடங்களில் சமார் குடும்பத்தினர். தமிழ்நாட்டில் நாவிதர் வீட்டு மருத்துவச்சிகள், பல ஊர்களில் சேரிப் பெண்கள். தொப்புள்கொடி அறுப்பது தீட்டு என்று அதை இவர்கள் தலையில் கட்டினார்கள். வலி கண்டால் ‘சீக்கிரம் வா ஆத்தா’ன்னு ஆள் வரும், பிள்ளை விழுந்ததும் வீட்டைக் கழுவிவிடுவார்கள். கூலி படி நெல்லும் பழஞ்சீலையும். லண்டன் கேட்ட அனுபவம் முழுக்க இந்தக் கைகளில் இருந்தது. 1914இல் வந்த சென்னை மருத்துவப் பதிவுச் சட்டத்திலும் இவர்களுக்கு இடமில்லை.

1948இல் பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை வந்தது. ஆள் போதவில்லை. 1950, 60களில் இந்திய டாக்டர்கள் கூட்டமாகப் போனார்கள். எங்கே வைத்தார்கள்? முதியோர் வார்டில், மனநோய்ப் பிரிவில், சவுத் வேல்ஸ் சுரங்க ஊர்களில்; வெள்ளை டாக்டர் போக விரும்பாத இடங்களில். அங்கேயும் ஒரு ஊர், ஒரு சேரி. போனவர்களில் பெரும்பாலோர் மேல்சாதியார். நிறவெறி என்று சரியாகவே சொன்னார்கள். அதே வாய் சொந்த ஊர்ச் சாதியைப் பற்றி எத்தனை பேருக்குத் திறந்தது?

1975இல் இந்தியப் பட்டங்களுக்கான அங்கீகாரம் மறுபடி போனது. அந்த வருஷமே தேர்வு வந்தது. பிறகு அதற்கு ‘பிளாப்’ என்று பேர். இன்றைக்கும் பெரும்பாலோர் போகிற வழி அதுதான். முதலில் ஆங்கிலத் தேர்வு. அடுத்து மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள். கடைசியாக மான்செஸ்டர் போய், நோயாளியாக நடிப்பவர்களிடம் பேசி, தொட்டுப் பார்த்துக் காட்டவேண்டும். கட்டணம் பவுண்டில், விமானக் காசும் விசாக் காசும் தனி. குடும்பத்தில் முதல் ஆளாகப் படித்து வந்த நம் பிள்ளைக்கு மூளை இருக்கும், இந்தப் பணம் எங்கிருந்து வரும்? தேறி, சான்றிதழ்கள் சரிபார்த்து முடிந்தால் ஏழு இலக்கத்தில் ஒரு பதிவு எண் கொடுப்பார்கள்.