ஹெரால்டுக்கு ஏன் ஒரே கார்புரேட்டர்?

கெலவரப்பள்ளி அணைப் பக்கம் இன்று கார்புரேட்டரைத் தேடினால் பழைய வண்டிகளில்தான் கிடைக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் ஓசூர் டிவிஎஸ்ஸின் எக்ஸ்எல் கூட இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்டது. ஒரே எஞ்சினுக்கு இரண்டு கார்புரேட்டர் என்பதோ நம்ம ஊர் கார்களுக்கு அன்றைக்கே எட்டவில்லை.

ஸ்டாண்டர்டு ஹெரால்டையே எடுத்துக்குங்க. 1959ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு வந்தபோது எஞ்சின் ஒன்றுதான், 948 சிசி. சாதாரண மாடலுக்கு ஒரு சோலெக்ஸ். கூபேவுக்கு இரண்டு எஸ்யூ, கம்ப்ரஷனும் கொஞ்சம் கூடுதல். ஏறக்குறைய 10 குதிரைத்திறன் வித்தியாசம். 1961 முதல் பெருங்களத்தூரில் தயாரானதோ ஒற்றை சோலெக்ஸ் வண்டி.

கஞ்சத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. நடுவில் ஒரே கார்புரேட்டர் இருந்தால் ஓரத்து சிலிண்டர்களுக்குக் கலவை சுற்றிப் போகணும். இரண்டு இருந்தால் தலா இரண்டு சிலிண்டர், பாதை குறைவு. ஆனால் இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கணுமே! ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொன்றின் வாயிலும் பிடித்து, ‘உஸ்’ சத்தம் ஒன்றாகும்வரை ஐடில் ஸ்க்ரூவைத் திருப்பணும். அப்புறம் எஸ்யூவின் பிஸ்டனை லேசாகத் தூக்கிப் பார்க்கணும்: வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், எஞ்சின் அணைந்தால் குறைவு, ஒரு கணம் ஏறி இறங்கினால் சரி. ஹைவே ஓர மெக்கானிக் ஷெட்டில் இதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை? த்ராட்டில்களை இணைக்கும் கிளாம்பைக் கடைசியில்தான் இறுக்கணும். முதலிலேயே இறுக்கினால் ஒன்றைத் திருப்பும்போது மற்றதும் நகர்ந்துவிடும்.